இல்லமே மருத்துவமனையாகுமா?

(நமது ஆலயப் பொன்விழாவையொட்டி நடைபெற்ற முதியோர் நலக் கூட்டத்தில், நோயாளரைச் சந்திக்கும் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

பொன்விழா நிகழ்ச்சிகளுக்கிடையே முதியோருக்கென்று ஒரு நாளை ஒதுக்கி, அந்நாளில் எங்களையும் பேச அழைத்த விழாக் குழுவினருக்கு முதற்கண் எங்கள் நன்றி. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற செவிலியரும் உண்டு, ஆசிரியரும் உண்டு, வீட்டைக் கவனிக்கும் தாய்மாரும் உண்டு. நோயாளர் இருக்கும் வீடுகளுக்குச் சென்று வருவதே எங்கள் வேலை. அப்படிச் செல்லும் இடங்களில் எங்களிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. எண்பது வயதுப் பெரியவருக்குத் திடீரென்று காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்துவிட்டால், அவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா? மகன் சேர்த்தே ஆக வேண்டும் என்பார். பெரியவரோ, “என்னை எங்கும் கொண்டு போகாதீர்கள்” என்பார். இருவருக்கும் நடுவில் மருமகள் செய்வதறியாது நிற்பார்.

இந்த இரண்டு வழிகளைத் தவிர மூன்றாவது வழி ஒன்றும் உலகில் உண்டு. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு போவதற்குப் பதிலாக, மருத்துவமனையையே நோயாளியின் வீட்டிற்குக் கொண்டு வருவதுதான் அது. நாள்பட்ட நோய்க்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவதையோ, இறுதி நாட்களில் வலி குறைய உதவுவதையோ நாங்கள் இங்கே சொல்லவில்லை. அவையும் நல்ல பணிகளே. ஆயினும் நாங்கள் சொல்ல வந்தது வேறு. படுக்கையில் சேர்த்தே தீர வேண்டிய கடும் நோய் கண்ட முதியவருக்கு, அந்தச் சிகிச்சை முழுவதையும் அவருடைய சொந்தக் கட்டிலிலேயே வைத்து அளிக்கும் முறை இது. இதைப் பற்றி நாங்கள் படித்தறிந்ததையும், இதிலிருந்து நம் வீடுகளுக்குக் கிடைக்கும் பாடத்தையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

மருத்துவமனையால் முதியோருக்கு நேரும் இன்னல்கள்

மருத்துவமனையைக் குறை சொல்ல நாங்கள் இங்கு வரவில்லை. அறுவை சிகிச்சையாலும் தீவிர சிகிச்சையாலும் உயிர் பிழைத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். ஆயினும் ஓர் உண்மையை மருத்துவ உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. இளைஞருக்கு மருத்துவமனை செய்யும் நன்மை அப்படியே முதியவருக்குக் கிட்டுவதில்லை. வந்த நோய் தீர்ந்தும், வேறொரு குறையோடு வீடு திரும்பும் முதியோர் பலர். 1993ஆம் ஆண்டிலேயே மார்ட்டன் கிரெடிட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர், முதியோருக்கு மருத்துவமனை வாசத்தால் விளையும் ஆபத்துகளைத் தொகுத்து ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினார்.

முதலாவது ஆபத்து, புத்தித் தடுமாற்றம். வீட்டில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர், ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள் மகனைப் பார்த்து “நீ யாரப்பா?” என்று கேட்பார், இறந்துபோன தம் அண்ணனைக் கூப்பிடுவார், கையில் ஏறும் டிரிப்பைப் பிடுங்கி எறிவார். உறவினர் இதை வயதின் கோளாறு என்றும், சிலர் பேய்க் கோளாறு என்றும் எண்ணுகின்றனர். இரண்டும் அல்ல. உடலில் உள்ள நோயும், புதிய இடமும், உறக்கமின்மையும், சில மருந்துகளும், தண்ணீர் போதாமையும் சேர்ந்து மூளையைத் தடுமாறச் செய்கின்றன. கண்ணாடியும் காதுக் கருவியும் வீட்டிலேயே தங்கிவிட்டால் இந்தத் தடுமாற்றம் இன்னும் கூடும்.

இரண்டாவது, படுக்கையால் வரும் தளர்ச்சி. 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நோயே இல்லாத, சராசரி 67 வயதுள்ள 12 பேரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அந்தப் பத்து நாட்களில் அவர்களுடைய கால்கள் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்துவிட்டன. நல்ல உடல்நிலையில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், நோயும் பசியின்மையும் சேர்ந்த எண்பது வயதுக்காரரின் கதி என்ன? நடந்து போனவர் சக்கர நாற்காலியில் திரும்புவதற்கு இதுவே பெரிய காரணம்.

மூன்றாவது, மருத்துவமனையிலேயே தொற்றிக்கொள்ளும் கிருமிகள், இரவில் எழுந்து விழுதல், படுக்கைப் புண் முதலியன. இவை ஒன்றையொன்று தொடர்ந்து வரும். தளர்ந்தவர் விழுகிறார், விழுந்தவர் படுக்கிறார், படுத்தவருக்குப் புண் வருகிறது. செவிலியர் சிலரே இருந்து நோயாளர் பலர் இருக்கும் வார்டில், ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக நடத்திச் செல்ல யாருக்கு நேரம் இருக்கும்? இதில் எந்தத் தனிமனிதரையும் குறை கூறுவதற்கில்லை.

வீடு தேடிச் சென்ற பணியின் வரலாறு

நோயாளியை வீட்டிலேயே கவனிப்பது புதுமையன்று. கத்தோலிக்க மக்களாகிய நமக்கு இதில் பழைய உறவு ஒன்று உண்டு. 1617ஆம் ஆண்டு பிரான்சு நாட்டிலே ஷாத்தியோன் என்ற சிற்றூரில் பங்குத்தந்தையாய் இருந்தார் புனித வின்சென்ட் தே பவுல். ஊருக்கு வெளியே ஒரு குடும்பத்தார் அனைவரும் நோயில் விழுந்து, உதவிக்கு ஆளின்றிக் கிடப்பதை அறிந்து, ஞாயிறு மறையுரையில் அதை மக்களுக்கு எடுத்துச் சொன்னார். அன்று மாலையே ஊர் மக்கள் சாரி சாரியாக உணவை எடுத்துக்கொண்டு அந்த வீட்டிற்குச் சென்றனர். இதைக் கண்ட அவர் மகிழ்ந்தார். அதே வேளையில் கவலையும் கொண்டார். இன்று வந்து குவிந்த உணவு கெட்டுப்போகும். நாளை மறுநாள் அந்த வீட்டை எட்டிப் பார்க்க ஆள் இராது. இரக்கம் நிறைய இருந்தது, ஒழுங்குதான் இல்லை. ஆகவே பெண்களை ஒரு குழுவாகச் சேர்த்து, முறை வைத்து, ஆளுக்கொரு நாள் நோயாளிகளைக் கவனிக்கும்படி விதிமுறை எழுதித் தந்தார். பின்னர் 1633இல் புனித லூயிசாவுடன் சேர்ந்து அவர் பாரிஸ் நகரில் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபையின் தொடக்கப் பணியும், ஏழை நோயாளிகளை அவரவர் வீட்டிற்கே சென்று கவனிப்பதாகத்தான் இருந்தது.

1859இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தம் மனைவியின் இறுதி நோயில் உதவிய மேரி ராபின்சன் என்ற செவிலியையே அந்நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கும் சென்று பணிசெய்யுமாறு அமர்த்தினார். வீடு வீடாகச் செல்லும் செவிலியர் பணி அந்நாட்டில் இவ்வாறு வேரூன்றியது.

அதன்பின் காலம் மாறிற்று. எக்ஸ்ரேயும், பரிசோதனைக் கூடமும், பெரும் இயந்திரங்களும் வந்தன. அவற்றை வீட்டிற்குக் கொண்டு போக முடியாததால் நோயாளி அவற்றிடம் போக வேண்டியதாயிற்று. மருத்துவமனையின்றி மருத்துவமில்லை என்ற எண்ணம் மக்கள் மனத்தில் பதிந்தது. அந்தக் காலத்திலும் சிலர் எதிர்த் திசையில் சிந்தித்தனர். 1947இல் நியூயார்க் நகரின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் டாக்டர் புளூஸ்டோன், வீட்டிலிருக்கும் நோயாளிகளையும் மருத்துவமனையின் பொறுப்பிலேயே கவனிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். 1957இல் பாரிஸ் நகரத்துப் பொது மருத்துவமனைகள் அதே வழியில் இறங்கின. 1970ஆம் ஆண்டின் மருத்துவமனைச் சட்டத்தில் பிரான்சு இதற்கு இடமளித்தது. 1978இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோவிலும், 1994இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் இத்தகைய திட்டங்கள் தோன்றின.

பால்டிமோர் நகரத்து முயற்சி

கடும் நோய் கண்ட முதியோருக்கென்றே இதைத் தனியாக அமைத்து, அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியினர். டாக்டர் ஜான் பர்ட்டன், டாக்டர் புரூஸ் லெஃப் ஆகியோர் 1990களின் நடுவில் இதைத் தொடங்கினர். எல்லா நோயையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு நோய்களை மட்டும் தேர்ந்தெடுத்தனர். ஒன்று, நிமோனியாக் காய்ச்சல். இரண்டு, இதயம் தளர்ந்து கால் வீங்கி மூச்சு வாங்கும் நோய் முற்றுதல். மூன்று, நாள்பட்ட மூச்சடைப்பு நோய் முற்றுதல். நான்கு, காலிலோ கையிலோ தோலுக்கடியில் சிவந்து வீங்கிப் பரவும் கிருமித்தொற்று. இவை நான்கும் முதியோரை அடிக்கடி மருத்துவமனைக்கு அனுப்பும் நோய்கள். இவற்றை எப்படிக் கண்டறிவது, என்ன மருந்து கொடுப்பது என்பது தெளிவாகத் தெரிந்தவை.

அம்முறை நடக்கும் விதம் இது. பெரியவர் முதலில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் வருகிறார். அங்கே மருத்துவர் அவரைச் சோதித்து, “இவரைப் படுக்கையில் சேர்த்தாக வேண்டும்” என்று முடிவு செய்கிறார். அதன் பிறகே, “இவர் வீட்டில் வைத்துச் சிகிச்சை பெறத் தக்கவரா?” என்ற கேள்வி எழுகிறது. தீவிர சிகிச்சை தேவைப்படுகிறவர், மாரடைப்பு இருக்குமோ என்ற ஐயத்துக்குரியவர் போன்றோர் விலக்கப்படுகின்றனர். தகுதியுள்ளவரிடமும் வீட்டாரிடமும் எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் கேட்கின்றனர். சம்மதித்தால் ஆம்புலன்சில் வீட்டிற்கு அழைத்துச் செல்கின்றனர். ஒரு செவிலியர் அங்கே வந்து, முதல் பல மணி நேரம் அவரை விட்டு அகலாமல் உடனிருக்கிறார். ஆக்ஸிஜன், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துப் புகை தரும் கருவி, நரம்பு வழியாக ஏற்றும் மருந்துகள் எல்லாம் வீட்டிற்கு வருகின்றன. இரத்தச் சோதனையும் ஈ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் வீட்டிலேயே எடுக்கப்படுகின்றன. மருத்துவர் நாள்தோறும் குறைந்தது ஒரு தடவை நேரில் வருகிறார். இரவானாலும் பகலானாலும் அழைத்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார். நோய் தணிந்ததும், மருத்துவமனையிலிருந்து அனுப்புவதைப் போலவே, வழக்கமான குடும்ப மருத்துவரிடம் ஒப்படைத்து விடைபெறுகின்றனர்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டிலுள்ளோர் தாதியராக மாறிவிட வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பொறுப்பு முழுவதும் மருத்துவருடையதும் செவிலியருடையதுமே. மகளும் மருமகளும் மகளாகவும் மருமகளாகவுமே இருந்தார்கள்.

கண்ட பலன்

மூன்று இடங்களில், 65 வயதுக்கு மேற்பட்ட 455 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2005 டிசம்பரில் வெளியாயிற்று. வீட்டு மருத்துவமனை முறையில் சிகிச்சைக் காலம் சராசரி 3.2 நாள், மருத்துவமனையிலோ 4.9 நாள். செலவு 5,081 டாலர்; மருத்துவமனையிலோ 7,480 டாலர். புத்தித் தடுமாற்றம் கண்டவர்கள் வீட்டுமுறையில் குறைவாகவே இருந்தனர். சிகிச்சையின் தரம் ஏறக்குறைய ஒத்திருந்தது. அந்நோயாளிகளின் குடும்பத்தாரைப் பற்றி 2008இல் வெளியான மற்றொரு கட்டுரை, வீட்டுமுறையில் குடும்பத்தார் பட்ட மனச்சுமை மருத்துவமனை முறையில் பட்டதைவிடக் குறைவு என்று காட்டிற்று.

அந்த ஆய்விலே இன்னொரு செய்தியும் உண்டு. இரண்டு இடங்களில், வாய்ப்பு அளிக்கப்பட்டோரில் 100க்கு 69 பேர் வீட்டைத் தேர்ந்தெடுத்தனர். மூன்றாவது இடத்திலோ 29 பேர்தான் தேர்ந்தெடுத்தனர். எல்லாரும் வீட்டையே விரும்புவார்கள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. மருத்துவமனைச் சுவருக்குள் இருந்தால்தான் நெஞ்சில் பயமில்லை என்று கருதும் பெரியவரும் உண்டு. அவரையும் மதிக்க வேண்டும். கேட்டு, விளக்கி, சம்மதம் பெற்றுச் செய்வதே சிறந்த முறை.

2020இல் பாஸ்டன் நகரத்து ஆய்வொன்று வெளியாயிற்று. இதில் பங்கேற்ற 91 பேரும் முதியோர் மட்டுமல்லர். வயது வந்தோர் பலரும் இருந்தனர். வீட்டிலிருந்தோர் தம் நாளில் 100க்கு 18 பங்கு நேரமே படுத்திருந்தனர். மருத்துவமனையிலிருந்தோர் 55 பங்கு நேரம் படுத்திருந்தனர். இது வியப்புக்குரியதன்று. வீட்டிலே பெரியவர் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். வாசல் வரை நடந்து யார் வந்தது என்று எட்டிப் பார்ப்பார். தம் நாற்காலியில் போய் உட்காருவார். அந்தச் சில அடிகளே அவருடைய கால்களைக் காக்கின்றன. சிகிச்சை முடிந்த 30 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர் வீட்டுமுறையில் 100க்கு 7 பேர்; மற்ற முறையில் 23 பேர்.

பிரித்தானியாவில் ஒன்பது இடங்களில், சராசரி 83 வயதுள்ள 1,055 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில், உயிருடன் தம் வீட்டில் வாழ்ந்தோரின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. மரணத்தை இந்த முறை தள்ளிப்போடும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு மாதத்தில் புத்தித் தடுமாற்றம் காணப்பட்டோர் குறைவு. ஆறு மாதத்திற்குள் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நிரந்தரமாகச் சேர நேர்ந்தவர்களும் குறைவு: வீட்டுமுறையில் 100க்கு ஏறக்குறைய 6 பேர், மருத்துவமனை முறையில் 9 பேர்.

பரவத் தாமதமானது ஏன்?

இவ்வளவு நன்மை இருந்தும் அமெரிக்காவிலேயே இந்த முறை நெடுங்காலம் பரவவில்லை. காரணம் மருத்துவமல்ல, பணம். முதியோருக்கான அந்நாட்டு அரசுக் காப்பீடு, மருத்துவமனைக் கட்டடத்துக்குள் படுத்தவருக்குப் பணம் கொடுத்தது. அதே சிகிச்சையைத் தம் வீட்டில் பெற்றவருக்குக் கொடுக்க அதன் விதியில் வழியில்லை. 2020இல் கொரோனாக் கொள்ளைநோய் வந்து படுக்கைகள் நிரம்பி வழிந்தபோதுதான், அவ்வாண்டு நவம்பரில் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் கண்டிப்பான நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. நாளொன்றுக்கு இரண்டு தடவையாவது நேரில் வந்து பார்க்க வேண்டும். ஆபத்து என்றால் 30 நிமிடங்களுக்குள் உதவி வந்து சேர வேண்டும். 2024க்குள் 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இதற்கு அனுமதி பெற்றிருந்தன.

கட்டில் மட்டும் வீட்டில் இருந்தால் போதாது

அன்பார்ந்தவர்களே! இதையெல்லாம் கேட்டுவிட்டு, “பார்த்தீர்களா, வீடே போதும் என்று அமெரிக்காக்காரனே சொல்லிவிட்டான், இனிமேல் தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டாம்” என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எங்கள் பேச்சின் உயிர்நாடியே இங்குதான் இருக்கிறது. அங்கே வீட்டில் நடப்பது மருத்துவமனைச் சிகிச்சை. மருத்துவரும் செவிலியரும் மருந்தும் கருவியும் இரவு நேர உதவியும் வீடு வந்து சேர்ந்த பிறகே அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். இவை எதுவும் வராமல் நோயாளியின் கட்டில் மட்டும் வீட்டில் கிடந்தால் அது வீட்டு மருத்துவமனையன்று, கைவிடுதலே.

நம் பக்கத்தில் 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மருந்து வீடு தேடி வருகிறது, பிசியோதெரபி வருகிறது, தீராத நோயாளிக்கு ஆதரவுச் சிகிச்சை வருகிறது. எத்தனையோ முதியோருக்கு இது ஊன்றுகோல். ஆனால் நிமோனியாக் காய்ச்சலில் மூச்சுத் திணறும் பெரியவருக்கு ஏற்பட்டதன்று அது. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது.

செலவுக்குப் பயந்தோ, “வயதாகிவிட்டது, இனி என்ன இருக்கிறது?” என்று எண்ணியோ, மருத்துவர் தடுத்தும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெரியவரை வீட்டிற்குத் தூக்கி வருகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. எழுபது வயதில் வந்த நிமோனியா, வயதினால் வந்த முடிவன்று. மருந்தினால் தீரக்கூடிய நோய். அதே போல, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ, ஒரு கை கால் விழுந்துவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ, நினைவு தப்பினாலோ, அங்கே வீட்டு மருத்துவமனை என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மருத்துவரே சம்மதித்து வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னாலும், அழைத்து வருமுன் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

ஒன்று: எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்?

இரண்டு: இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் யாரை அழைப்பது? அழைத்தால் எடுப்பார்களா?

மூன்று: ஊசி மருந்தைப் போடுகிறவர் யார்? நாடியையும் இரத்த அழுத்தத்தையும் இரத்தத்திலுள்ள பிராணவாயு அளவையும் நாளுக்கு எத்தனை தடவை, யார் பார்ப்பார்? பார்த்ததை எந்த மருத்துவரிடம் சொல்வார்?

நான்கு: வீட்டில் இரவும் பகலும் உடனிருக்கப் போகிறவர் யார்? அவருக்கு மாற்று யார்?

இந்த நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. கேட்காமலே விடை முடிவாகிவிடுகிறது. அந்த வீட்டு மருமகளோ, மணமாகாத மகளோ, வேலையை விட்டுவிட்டு அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று எல்லாரும் தீர்மானித்துவிடுகிறார்கள். உறங்காத கண்களோடு, மருந்தின் பெயரும் சரியாகப் புரியாமல், தவறு நேர்ந்தால் பழி தம்மேல் விழுமே என்ற அச்சத்தோடு இருக்கும் அவரையும் நாங்கள் நோயாளியாகவே கருதுகிறோம். முதியவரைக் காப்பது அன்பு. அந்த அன்பின் சுமை முழுவதையும் ஒரே தோளில் ஏற்றிவிட்டு, மற்றவர் ஞாயிறுதோறும் வந்து “நன்றாகப் பார்த்துக்கொள்” என்று சொல்லிப் போவது நீதியன்று.

நம்மால் ஆகக்கூடியது

வீட்டு மருத்துவமனையை நம் பங்கு அமைத்துவிட முடியாது. அது மருத்துவமனைகளும் அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் செய்ய வேண்டியது. அதைக் கேட்பது நம் உரிமை. ஆனால் இரண்டு காரியங்கள் நம் கைக்கு எட்டியவை.

முதலாவது, மருத்துவமனையிலிருக்கும் முதியவருக்கு வீட்டைக் கொண்டு போவது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஷாரன் இனோய் என்ற அம்மையார் 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளிடம் ஒரு முறையைச் சோதித்து 1999இல் வெளியிட்டார். அதில் புது மருந்து எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற தொண்டர்கள் நாள்தோறும் வந்து, இன்று என்ன கிழமை, நாம் எங்கே இருக்கிறோம் என்று பேசுவார்கள், கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டுவிடுவார்கள், தண்ணீர் குடிக்கச் செய்வார்கள், கைத்தாங்கலாக நடத்துவார்கள், இரவில் உறக்கம் வர வெதுவெதுப்பான பானம் கொடுப்பார்கள். இவ்வளவே. வழக்கமான கவனிப்பில் 100க்கு 15 பேருக்கு வந்த புத்தித் தடுமாற்றம், இந்தக் கவனிப்பில் 10 பேருக்கும் சற்றுக் குறைவாகவே வந்தது. இதற்குப் பட்டமும் படிப்பும் வேண்டுமா? மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நேரமும் பொறுமையும் உள்ள எவரும் செய்யலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிப் போகிறோம். அதோடு தாத்தாவின் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போக மறவாதிருப்போம். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று ஒருவரோடொருவர் பேசுவதைவிட, ஒருவர் மட்டும் உட்கார்ந்து அவரோடு பேசுவது மேல்.

இரண்டாவது, வீட்டிலே நோயாளியைக் கவனிப்பவருக்கு மாற்று ஆள் கொடுப்பது. ஷாத்தியோனில் வின்சென்ட் அடிகளார் வகுத்தது மருந்தையன்று, முறையைத்தான். அதுபோல் ஒவ்வொரு அன்பியத்திலும் நோயாளர் உள்ள வீடுகளைக் கணக்கெடுத்து, வாரத்தில் இரண்டு பிற்பகலாவது ஒருவர் போய் உட்கார்ந்திருக்க முறை வைக்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் அந்த வீட்டுப் பெண் உறங்கட்டும், கடைக்குப் போகட்டும், வெறுமனே மொட்டைமாடியில் காற்று வாங்கட்டும். எங்கள் குழுவினர் பதினோரு பேர்தான். பங்கோ பெரியது. இந்த முறையில் சேர விருப்பமுள்ளோர் ஞாயிறு முதல் திருப்பலிக்குப் பின் ஆலய முன்மண்டபத்தில் எங்களிடம் பெயர் கொடுக்கலாம். ஆண்களும் வர வேண்டும் என்று சிறப்பாக வேண்டிக்கொள்கிறோம். வயதான ஆண் நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கப் பெண்களால் எப்போதும் இயல்வதில்லை.

இறுதியாக ஒன்று. இல்லமே மருத்துவமனையாகுமா என்று தலைப்பிட்டோம். ஆகும், ஆனால் தானாக ஆகாது. பொறுப்பேற்கும் மருத்துவரும், வந்து நிற்கும் செவிலியரும், நள்ளிரவில் எடுக்கப்படும் தொலைபேசியும், சுமையைப் பகிரும் உறவும் சேர்ந்தால் ஆகும். இவை சேரும் நாள் வரை மருத்துவமனையை அஞ்சி ஒதுக்க வேண்டாம். அங்கே நம் முதியோரைத் தனியே விட்டுவிடவும் வேண்டாம். இந்த ஆலயத்தின் முதற்கற்களைத் தலையில் சுமந்த கைகள் இன்று முன்வரிசையில் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. அக்கைகளைப் பிடித்து நடத்திச் செல்ல நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வைத்துக்கொள்வோம்.